மூன்றரைக்குப் பின்னால் ஓர் இசட்

ஐந்து கேள்வி கேட்கும் அது, வாய் திறப்பதற்கு முன்.
எந்த அளவு? எப்போதிலிருந்து? எதுவரை?
எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி?
சராசரியா, உச்சமா?
சாவியைக் காட்டி ஐந்தையும் சொல்லிக் காத்திருந்தால்
மும்பையில் எங்கோ குளிரூட்டிய அறையிலிருந்து
குலசேகரத்துக்கு வந்து சேரும்
எண்கள்.

நாற்பது வரி பைத்தான்.
அதில் பத்து வரி, பிழை வந்தால் என்ன செய்வதென்று.

முதலில் சராசரி கேட்டேன்.
பதினெட்டு விழுக்காடு, இருபது, பதினேழு.
காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி கிடந்தது தரவுத்தளம்.
உச்சம் கேட்டேன்.
தொண்ணூற்றெட்டு.
தினமும் மூன்றரைக்கு.
ஞாயிறு மட்டும் இல்லை.

மூன்றரைக்கு யார் என்ன செய்கிறார்கள்?
பெங்களூரிலிருந்து நிகில் சொன்னான், பேக்கப்பாக இருக்கும்.
பேக்கப் பன்னிரண்டுக்கே முடிந்துவிடுகிறது.
அப்படியென்றால் திருடன்தான் என்றான்.
அதற்குமேல் அவனுக்கு உறக்கம் வந்துவிட்டது.

விழித்திருந்தேன், மூன்று இரவு.
கட்டன்சாயா, கொசுவர்த்தி, மடிக்கணினி.
கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லி
நிமிடத்துக்கொரு முறை ஓடவிட்டேன்.
சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தொன்பது.
மூன்று முப்பது.
மூன்று முப்பத்தொன்று.
திரையில் நாலு விழுக்காடு. மூன்று. நாலு.
திருடன் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சரிவில்
நெற்றிவிளக்குகள் மட்டும் ஏறின.
ஒரு மரத்தில் நிற்கும், குனியும்,
அடுத்த மரத்துக்குத் தாவும்,
புள்ளிகளை வைத்துவிட்டுக் கோடு போட மறந்தது போல.
ஒரு விளக்கு என் பக்கம் திரும்பிக் கண்ணைக் கூசியது.
"ஒறங்கல்லியா நீ?"
லீதியாள். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு.
"சோலி" என்றேன்.
"எனக்கும் அதாக்கும்" என்று
அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.
பட்டையில் கத்தி இழுபடும் சத்தம்,
பிறகு சிரட்டையை நிமிர்த்தி வைக்கும் சத்தம்.

நாலாம் நாள் பகலில்
வந்த பதிலை வடிகட்டாமல் அப்படியே திரையில் கொட்டினேன்.
ஒவ்வொரு நேரத்தின் வாலிலும்
ஓர் இசட்.
நான்தான் அதை நறுக்கிப் போட்டிருந்தேன்
பதினேழாம் வரியில்,
பார்க்க அழகாக இல்லையென்று.

படக்கதையில் உறங்குகிறவன் தலைக்குமேல்
மிதக்கவிடுவார்களே, அதே எழுத்து.
கிரீன்விச் நேரம் என்று பொருள்.
ஐந்தரை மணி நேரம் கூட்டு.
காலை ஒன்பது.

ஒன்பதுக்கு நான் தினமும் உறங்கிக்கொண்டிருந்தேன்,
திருடனுக்குக் காவலிருந்த களைப்பில்.

மறுநாள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க
பால் எடுக்கும் ஷெட்டில் போய் நின்றேன்.
அமோனியா மூக்கில் ஏறியது.
வாளிகள் வரிசையில் நின்றன, ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை.
எல்லாரும் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒன்பதுக்கு எங்கள் செயலியில் அன்றைய விலை வரும்.
வரும்வரை தேய்த்தார்கள்.
வந்த பிறகு, இதுதானா என்று தேய்த்தார்கள்.
களியலில், அருமனையில், கடையாலுமூட்டில், பேச்சிப்பாறையில்
ரப்பர்க் கறை காய்ந்த கட்டைவிரல்கள்.
என் கையில் கோடு எழும்பியது,
அறுபது, எண்பது,
தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு ரூவா கொறச்சிட்டான்"
லீதியாள் யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.
பிறகு இன்னொரு முறை தேய்த்தாள்.

அந்த இன்னொரு முறையும் என் கணக்கில் விழுந்தது.
எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு அளவு உண்டு.
எதற்குத் திரும்பவும் கேட்டார்கள் என்பதற்கு
பட்டியல் முழுக்கத் தேடினேன், இல்லை.

சரிசெய்வது எளிது.
விலையை ஒருதரம் எடுத்து நினைவகத்தில் வைத்துவிட்டால்
தரவுத்தளத்தைத் தொடாமலே எல்லாருக்கும் பதில் போய்விடும்.
சாயங்காலமே வைத்துவிட்டேன்.
அடுத்த நாள் ஒன்பதுக்கு உச்சம் பதினொன்று.
நிகில் கைதட்டும் படம் அனுப்பினான்.
விலை இன்னும் ஒரு ரூபாய் இறங்கியிருந்தது.

பதினேழாம் வரியை அழித்துவிட்டேன்.
இசட் நிற்கிறது, அசிங்கமாகத்தான்.
மூன்றரைக்கு இப்போதும் விழிப்பு வருகிறது.
சரிவில் விளக்குகள் ஏறுகின்றன.
ஸ்கிரிப்டைக் கேட்டால்
நேற்று, இரவு பத்து மணி என்கிறது.